மஞ்சள் கருவின் ஆயுள்

நாமக்கல்லில் இருந்து கேரளத்துக்குப் போகும் முட்டை லாரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முட்டை என்றுதான் சொல்வீர்கள். ஆய்வகத்துக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கிலோக் கணக்கில் ஆன்டிபாடி போகிறது என்பார். பாடநூல் இதை எதிர்ப்பொருள் என்று சொல்லும். ஆய்வகங்களில் எல்லோரும் ஆன்டிபாடி என்றே புழங்குவதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 50 முதல் 100 மில்லிகிராம் வரை ஆன்டிபாடி இருக்கும். ஒரு லட்சம் முட்டைக்குப் பெருக்கினால் 5 முதல் 10 கிலோ. ஆய்வகத்துக்கு வாங்கும் குப்பியிலோ பெரும்பாலும் 0.1 மில்லிகிராம்தான். அதற்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து, ஐஸ் பேக் சுற்றி, விமானத்தில் வரவழைத்து, வந்த பெட்டியைப் பிறந்த குழந்தையைப் போல ஏந்தி ஃப்ரீசருக்குக் கொண்டுபோகிறோம். முட்டை லாரிக்கு அந்த உபசாரம் எதுவும் கிடையாது. அட்டைக்கு முப்பது என்று அடுக்கி, கயிறு கட்டி, சித்திரை வெயிலில் கிளம்பிவிடும்.

கணக்கில் ஒரு நேர்மை வேண்டும். முட்டையில் இருப்பது கலவை. அந்தக் கோழி தன் வாழ்நாளில் சந்தித்த கிருமிகள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் அத்தனைக்கும் எதிரான ஆன்டிபாடிகள் அதில் கலந்து கிடக்கும். நமக்கு வேண்டிய ஒன்றுக்கு எதிராகக் கோழிக்கு ஊசி போட்டாலும், மொத்தத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் அதற்கானதாக இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு முட்டை பல குப்பிகளுக்குச் சமம்.

கோழி இதை நமக்காகச் செய்யவில்லை, குஞ்சுக்காகச் செய்கிறது. 1893-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெலிக்ஸ் கிளெம்பெரர் கோழிகளுக்கு டெட்டனஸ் எதிர்ப்பு உண்டாக்கி, அவை இட்ட முட்டைகளின் மஞ்சள் கருவை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். எலிகள் டெட்டனஸ் நஞ்சைத் தாங்கின. தாயின் ரத்தத்தில் இருந்த பாதுகாப்பு மஞ்சள் கருவுக்குள் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. முயலுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுப்பதே வழக்கமாகிவிட்டது. விலங்குகளை வதைக்காத மாற்று வழி என்று சொல்லி ஐரோப்பிய அமைப்பு ஒன்று முட்டை ஆன்டிபாடியைப் பரிந்துரைத்தது 1996-இல்தான்.

இனி நம் பண்ணைக்கு வருவோம். 1997 வரை நாமக்கல் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது 1985-இல். முட்டைக்கோழி வளர்ப்பவர் எவரையும் பயமுறுத்தும் நோய் வெள்ளைக்கழிச்சல். இந்தியாவில் 1927-இல் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் பதிவானதால் புத்தகத்தில் அதற்கு ராணிக்கேத் நோய் என்று பெயர். தடுப்பூசி நம்ம ராணிப்பேட்டையில் தயாரானதால் பலர் அதையே ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொள்வதுண்டு. பாவம், ராணிப்பேட்டைக்கு அந்தப் பழி வேண்டாம்.

குஞ்சு முட்டையில் இருந்து வெளியே வரும்போது தாய் கொடுத்த ஆன்டிபாடி அதன் ரத்தத்தில் ஏறியிருக்கும். ஆனால் அது நிற்காது. வெள்ளைக்கழிச்சல் ஆன்டிபாடியின் அளவு ஏறக்குறைய நாலரை நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது. 18 நாளில் பதினாறில் ஒரு பங்கு, 27 நாளில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. குஞ்சு வளர வளர அதன் உடம்பும் பெரிதாவதால் இருப்பது நீர்த்துப்போகிறது; மிச்சத்தை உடம்பே பிரித்துத் தின்றுவிடுகிறது. முதல் வாரத்தில் சொட்டு மருந்து விடுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. மிகச் சீக்கிரம் விட்டால் தாயின் ஆன்டிபாடியே மருந்தில் உள்ள வைரஸை அடித்துப்போட்டுவிடும். தாமதித்தால் இரண்டுக்கும் நடுவில் குஞ்சு வெறுங்கையோடு நிற்கும். “டைட்டர் பாத்தாச்சா?”, அதாவது ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு என்று அளந்தாச்சா, என்று பண்ணைக்காரர் கேட்பது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

இங்கே ஒரு விநோதம் இருக்கிறது. குஞ்சின் ரத்தத்தில் நாலரை நாளில் பாதியாகும் அதே ஆன்டிபாடியை மஞ்சள் கருவில் இருந்து பிரித்துச் சுத்தம் செய்து 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் பத்தாண்டு தாங்கியதாகப் பதிவு இருக்கிறது. அறை வெப்பத்தில் ஆறு மாதம். 37 டிகிரியில் ஒரு மாதம். புரதம் ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. உடம்புக்குள் அதைப் பிரித்துப்போட எந்நேரமும் ஆள் இருக்கிறது; கண்ணாடிக் குப்பிக்குள் யாரும் இல்லை. மனித உடம்பிலும் இப்படித்தான். நம் ரத்தத்தில் சாதாரண ஆன்டிபாடி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகும்.

‘அறை வெப்பம்’ என்று எழுதியவர்கள் ஸ்வீடன்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்தில் மதிய வேளையில் நம் அறை வெப்பம் அந்த 37-ஐத் தொட்டுவிடும், தாண்டியும் போகும். வெளிநாட்டு வழிகாட்டுதலை அப்படியே நகலெடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டிவைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஸ்வீடன்காரர்களுடைய ஆறு மாதம் நமக்கு ஒரு மாதம்.

அப்படியானால் முட்டை எப்படி வெயிலைத் தாங்குகிறது? அதற்குள் ஆன்டிபாடி ஆண்டாண்டாக நிற்க வேண்டிய தேவை இல்லை, மூன்று வாரம் அடைகாக்கும் சூட்டில் நின்றால் போதும். ஆனாலும் அந்த மூன்று வாரத்துக்காகச் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அசர வைக்கும். ஓடு, ஓட்டின் மேல் நுண்ணிய பூச்சு, உள்ளே இரண்டு சவ்வு, அதற்குள் வெள்ளைக் கரு. வெள்ளைக் கருவை வெறும் தண்ணிப்பசை என்று நினைக்காதீர்கள். அதில் உள்ள லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை அறுக்கும். ஓவோடிரான்ஸ்ஃபெரின் இரும்பைக் கட்டி வைத்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்யும். ஓவோமியூகாய்டு புரதத்தை வெட்டும் நொதியின் வாயை அடைக்கும். முட்டை பழசாகப் பழசாகக் கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக் கரு காரத்தன்மை ஏறி, கிருமிக்கு இன்னும் ஒவ்வாததாகும். இத்தனைக்கும் நடுவில், வேறு புரதங்களும் கொழுப்பும் சூழ, மஞ்சள் கருவில் ஆன்டிபாடி கிடக்கிறது.

விலைக்கு வாங்கும் குப்பியின் துண்டுச்சீட்டைப் படித்தால் அதே ஏற்பாட்டை மனிதன் தட்டுத்தடுமாறிச் செய்திருப்பது தெரியும். கிருமியைத் தடுக்க 0.02 முதல் 0.09 சதவீதம் சோடியம் அசைடு. கூட்டத்துக்கு ஆளாக மாட்டின் ரத்தத்தில் எடுத்த ஆல்புமின் 1 சதவீதம் அல்லது அதற்குக் குறைவு. உறையாமல் இருக்கக் கிளிசரால். ஆல்புமின் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். மிகக் குறைந்த அளவு புரதத்தைப் பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றினால் அதில் ஒரு பங்கு குப்பிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆல்புமின் அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. நாமக்கல் பண்ணைக்காரருக்கு இந்த யோசனை புதிதல்ல. தண்ணீரில் தடுப்பு மருந்து கலக்கும்போது தண்ணீரில் உள்ள குளோரின் வைரஸைக் கொல்லாமல் இருக்கக் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைப் போடுகிறாரே, அதன் தத்துவமும் இதுதான். முதலில் அடி வாங்க ஒரு மலிவான புரதம்.

அசைடு பற்றி ஒரு எச்சரிக்கை. அது நஞ்சு. அதோடு, ஆன்டிபாடியுடன் பெராக்சிடேஸ் நொதியை இணைத்து விற்கும் குப்பிகளில் அசைடு கூடாது, நொதியை முடக்கிவிடும். சோதனை வேலை செய்யவில்லை என்று ஆன்டிபாடியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி பாதுகாவலனாக இருக்கும்.

குளிர் என்றால் நல்லது, மிகக் குளிர் என்றால் மிக நல்லது என்று நினைப்பது இயல்பு. மஞ்சள் கருவே இதைப் பொய்யாக்கும். பச்சை மஞ்சள் கருவை ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போனதும் அது களிபோல இறுகிவிடும், உருக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. உப்போ சர்க்கரையோ கலந்து உறைய வைத்தால் அப்படி ஆகாது. உறையும்போது தண்ணீர் மட்டும் தனியாகப் பனிக்கட்டி ஆகிறது. உப்பும் புரதமும் மிஞ்சிய திரவத்தில் நெருங்கி நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தூய ஆன்டிபாடிக்கும் இதுவேதான் கதி. ஆய்வகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் சோடியம் பாஸ்ஃபேட் கரைசல் உறையும்போது ஒரு உப்பு மட்டும் முதலில் படிகமாகி, மிச்சம் திடீரென்று அமிலமாகிறது. கோழி ஆன்டிபாடிக்கு அமிலம் ஆகாது. ஒருமுறை உறைவதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகி என்று நாலைந்து முறை ஆனால் ஒட்டிக்கொண்ட கட்டிகள் மிதக்க ஆரம்பிக்கும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-இல், பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஆய்வகத்தில். இரவில் மின்சாரம் போகும், வரும், போகும். அந்த மாதம் ஒரு ஆன்டிபாடி சரியாக வேலை செய்யவில்லை. பட்டை தெரிய வேண்டிய இடத்தில் நிழல் தெரிந்தது. எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டினோம். வெப்பமானியை ஃப்ரீசருக்குள் வைத்துப் பார்த்த பிறகுதான், மின்சாரம் போகாத நாளிலும் உள்ளே சூடு ஏறி இறங்குவது தெரிந்தது. வீட்டு உபயோகத்துக்கான, பனி படியாத வகை ஃப்ரீசர். பனி படியாமல் இருப்பதற்காக அது தானாகவே அவ்வப்போது தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். ஐஸ்கிரீமுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. எங்கள் குப்பி தினமும் கொஞ்சம் உருகி, கொஞ்சம் உறைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வைத்த இன்னொரு குப்பி ஒன்றும் ஆகாமல் இருந்தது. அந்த அளவு கிளிசரால் இருந்தால் மைனஸ் 20-இல் அது உறைவதே இல்லை. உறையாதது உருகவும் வேண்டியதில்லை.

அதனால்தான் குப்பி வந்த அன்றே சிறு சிறு குப்பிகளாகப் பிரித்துவிடச் சொல்கிறார்கள். ஒரு குப்பி, ஒருமுறை உருகல், மிச்சம் 4 டிகிரியில். மிகச் சிறிதாகவும் பிரிக்கக் கூடாது. 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே போனால் சுவரில் ஒட்டுவதும் ஆவியாவதும் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஒளிரும் சாயம் இணைத்தவற்றை இருட்டில், அலுமினியத் தாள் சுற்றி, உறையாமல் வைக்க வேண்டும். நொதி இணைத்தவையும் உறையக் கூடாது. குலுக்கவும் கூடாது. நுரைக்குமிழியின் மேல்தோலில் புரதம் விரிந்து அறுந்துவிடும்.

இந்த நுரை விஷயம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து வைத்திருக்கும் குப்பியைப் பாருங்கள். அதில் இருப்பதும் ஆன்டிபாடிதான். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் எடுத்தது. அந்த நஞ்சில் ஒரு பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது, 1978-இல் தொடங்கிய சங்கம். குப்பியில் மருந்து வெள்ளைத் தூளாக இருக்கும். 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்கும் செவிலியர் குப்பியைக் குலுக்குவதில்லை, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றுகிறார். அவசரத்திலும் அந்தப் பொறுமை வேண்டும்.

தூளாக ஆக்குவது ஏன் என்று சேலத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கி இரண்டு மூன்று நாள் போட்டால் உள்ளே கறுத்துவிடும். அதே கிழங்கை அரைத்து, மாவு எடுத்து, ஜவ்வரிசியாக உலர்த்தினால் மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும். கெடுக்கும் வேலைகள் எல்லாம் தண்ணீரில்தான் நடக்கின்றன. தண்ணீரை எடுத்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஜவ்வரிசியைக் களத்தில் வெயிலில் காய வைக்கலாம். ஆன்டிபாடியைக் காய வைத்தால் வெந்துவிடும், மஞ்சள் கருவை அடுப்பில் வைத்த மாதிரி. ஆகவே முதலில் உறைய வைத்து, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, பனிக்கட்டியை நீராகாமலே ஆவியாக்கி எடுக்கிறார்கள். தண்ணீர் போன இடத்தில் புரதம் சுருண்டுவிடாமல் இருக்கச் சர்க்கரை ஏதாவது சேர்ப்பதுண்டு. பாம்புக்கடி மருந்து தூளாக இருந்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும். திரவமாக இருந்தால் அதற்குக் குளிர்பெட்டி கட்டாயம் வேண்டும், ஆயுளும் குறைவு. கொல்லிமலை மேல் ஒரு சுகாதார நிலையத்துக்கு எது ஏற்றது என்று சொல்லத் தேவையில்லை.

உலர்த்தி வைக்கும் எண்ணம் பழையது. 1890-களில் டிப்தீரியாவுக்கு எதிரான சீரம் விற்பனைக்கு வந்தபோது ஒவ்வொரு கம்பெனியும் தன் சரக்கே வலுவானது என்றது. அளந்து பார்க்க ஒரு நிலையான அளவுகோல் வேண்டும், அளவுகோலே கெட்டுப்போகக் கூடாது. ஜெர்மானிய விஞ்ஞானி பவுல் எர்லிக் சீரத்தை உலர்த்தி, வெற்றிடக் கண்ணாடிக் குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ரசாயனத்தோடு அடைத்து, இருட்டில், குளிரில் வைத்தார். தண்ணீர், காற்று, வெளிச்சம், சூடு என்று நான்கு எதிரிகளையும் ஒரே குழாயில் வெளியே நிறுத்திவிட்டார். இன்றைக்கு உலகத் தரநிலை சீரங்களும் பெரும்பாலும் உலர்த்தி, கண்ணாடியை உருக்கி மூடியே வருகின்றன.

இனி குப்பி மேல் அச்சடித்த தேதி. சேலத்து மாம்பழம் கெட்டால் மூக்கு சொல்லிவிடும். ஆன்டிபாடி கெட்டால் நிறமும் மாறாது, நாற்றமும் வராது. அதனால் தேதியை வேதம் போல நம்புகிறவர்கள் ஒரு பக்கம், தேதி தாண்டி ஏழாண்டு ஆன குப்பியை மாமியார் நகை மாதிரிப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஆய்வுக்கான குப்பியில் அந்தத் தேதி பெரும்பாலும் விற்றவரின் பொறுப்பு முடியும் நாள். அதுவரை சோதித்திருக்கிறார்கள், அதற்கு மேல் பதில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவே. நல்ல இடத்தில் வைத்த குப்பி தேதி தாண்டியும் நன்றாக வேலை செய்யும். மோசமான இடத்தில் வைத்த குப்பி தேதிக்கு ஓராண்டு முன்பே வெறும் புரதக் கஞ்சி. நோயாளிக்குப் போடும் மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே தேதி சட்டம்.

ஆய்வகத்தில் ஆன்டிபாடி உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஒரே வழி, ஒவ்வொரு முறையும் விடை தெரிந்த ஒரு மாதிரியை உடன் வைத்துச் சோதிப்பது. வெள்ளைக்கழிச்சல் டைட்டர் பார்க்கும் சோதனை இதற்கு எளிய உதாரணம். 96 குழி உள்ள தட்டில் சீரத்தை ஒவ்வொரு குழிக்கும் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போவார்கள். அளந்த வைரஸையும் கோழியின் சிவப்பணுக்களையும் சேர்ப்பார்கள். ஆன்டிபாடி இருக்கும் குழியில் வைரஸின் கை கட்டப்பட்டு, சிவப்பணுக்கள் அடியில் பொட்டு போலக் குவியும். இல்லாத குழியில் வைரஸ் அவற்றைப் பிணைத்து வலைபோலப் பரப்பிவிடும். தட்டின் ஓர் ஓரத்தில், டைட்டர் முன்பே தெரிந்த சீரம் ஒன்று எப்போதும் ஓடும். அது வழக்கமான குழியில் நின்றால் எல்லாம் சரி. ஒரு குழி முன்பின் ஆனாலும் பரவாயில்லை. மூன்று குழி சரிந்தால், அன்றைய தட்டில் எந்த எண்ணையும் பண்ணைக்காரருக்குச் சொல்லக் கூடாது.

அந்தச் சீரத்தை மைனஸ் 20-இல் சிறு குப்பிகளாக வைத்தால் பல ஆண்டு வரும். சோதனையில் முதலில் கெடுவது ஆன்டிபாடி அல்ல, கோழியின் சிவப்பணுக்கள். 4 டிகிரியில் ஒரு வாரம் தாண்டினால் அவை தானாகவே உடைந்து மேலே சிவப்பு நீர் தெரியும். அன்று புதுக் கோழியிடம் ரத்தம் எடுக்கப் போக வேண்டியதுதான்.